கணைய சூடோசிஸ்ட்: வடிப்பதற்கு முன் இரத்தக்குழாயைப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 43 வயது ஆண், கட்டட மேஸ்திரி. பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் ஒரு குவார்ட்டர் பிராந்தி. 180 மி.லி., 42.8% என்று கணக்கிட்டால் அதில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பீடிப் பழக்கமும் உண்டு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, மேல்வயிற்றில் கனம், இரண்டு மாதத்தில் 8 கிலோ எடைக் குறைவு என்று வந்து சேர்ந்தார். வாந்தியில் முந்தைய நாள் சாப்பிட்ட சோற்றுப் பருக்கைகள் இருந்தன.

இது ஒரே நோயாளியின் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. சூடோசிஸ்ட் என்பது கணையத்தை ஒட்டி நீர் தேங்கி உண்டாகும் போலி நீர்க்கட்டி. இந்த நோயில் அடிக்கடி காணும் போக்கைப் பயிற்சி மருத்துவர்களுக்காக ஒருவரின் வரலாறாகத் தொகுத்திருக்கிறோம்.

முதல் ஏழு வாரம்

ஏழு வாரங்களுக்கு முன், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்ந்த வலியோடு வேறொரு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். சீரம் லைப்பேஸ் (கணைய நொதி) லிட்டருக்கு 1,840 அலகு. இப்படிப்பட்ட வலியோடு அது இயல்பின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டினாலே கணைய அழற்சி என்று சொல்லப் போதும். இது அதைவிடப் பல மடங்கு. பித்தப்பையில் கல் இல்லை, டிரைகிளிசரைடு 210 மி.கி., கால்சியம் இயல்பு. மதுவைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை. ஐந்தாம் நாள் எடுத்த சி.டி.யில் வீங்கிய கணையமும் அதைச் சுற்றி நீரும் இருந்தன. அழுகல் இல்லை என்று அறிக்கை. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனபோது ஹீமோகுளோபின் 12.1.

மூன்றாம் வாரம் வெளியே எடுத்த அல்ட்ராசவுண்டில் "8 செ.மீ. சூடோசிஸ்ட், வடிக்கப் பரிந்துரை" என்று எழுதியிருந்தார்கள். நல்லவேளை, யாரும் வடிக்கவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, அழுகல் இல்லாத அழற்சியில் நான்கு வாரத்துக்குள் தேங்கும் நீர் வெறும் திரவத் தேக்கம்தான். அதற்குச் சொந்தச் சுவர் கிடையாது. பெரும்பாலும் தானே உறிஞ்சப்பட்டுப் போய்விடும். நான்கு வாரம் கடந்தும் நின்று, சுற்றிலும் நாரிழைச் சுவர் கட்டி, உள்ளே திரவம் மட்டுமே இருந்தால்தான் அது சூடோசிஸ்ட். அழுகிய திசுவும் சேர்ந்திருந்தால் அதன் பெயர் சுவர் கட்டிய நெக்ரோசிஸ். அதற்கு வைத்தியமும் வேறு. மூன்றாம் வாரத்தில் ஊசி போட்டால் தையலோ ஸ்டென்டோ (வழி திறந்திருக்க வைக்கும் சிறு குழாய்) பிடித்து நிற்கச் சுவர் இருக்காது. கசிவு வயிற்றறைக்குள் பரவும், கிருமியில்லாத நீரில் கிருமியும் புகும்.

இன்னொரு சிக்கல் ஐந்தாம் நாள் சி.டி.யில் இருக்கிறது. அழுகல் தெளிவாகத் தெரிய மூன்று நாலு நாளாவது ஆகும். கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு அழுகியிருந்தால் அப்போதும் தவறிவிடலாம். முதல் வாரத்தில் "அழுகல் இல்லை" என்று வந்த அறிக்கையை ஏழாம் வாரத்திலும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. திடப்பொருள் இருக்கிறதா என்று சொல்வதில் எம்.ஆர்.ஐ.யும் எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்டும் சி.டி.யை விடத் தெளிவானவை. சி.டி.யில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவது அவற்றில் கட்டி கட்டியாகப் பிரிந்து தெரியும்.

சேர்க்கையின்போது

எடை 50 கிலோ. நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 106/70, காய்ச்சல் இல்லை. மேல்வயிற்றில் நகராத, தொட்டால் லேசாக வலிக்கும் கட்டி. ஹீமோகுளோபின் 8.4. பொட்டாசியம் 2.9, பைகார்பனேட் 34: நாள்பட்ட வாந்தியின் அடையாளம். பிலிருபின் இயல்பு, பித்தக்குழாய் நெருக்கப்படவில்லை.

கையோடு கொண்டுவந்த சி.டி. படத்தில் சிறு ஓமென்ட அறையில் (இரைப்பைக்குப் பின்னால் உள்ள இடைவெளி) 12 × 10 × 9 செ.மீ. கட்டி, இரைப்பையின் பின்சுவரை முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. அளவும் தொந்தரவும் சேர்ந்து உடனே வடிக்கத் தூண்டுபவை. ஆனால் இந்தக் கோப்பில் நின்று பார்க்க வேண்டிய எண் 12 செ.மீ. அல்ல, ஆறு வாரத்தில் 12.1-லிருந்து 8.4-க்கு இறங்கிய ஹீமோகுளோபின். கறுப்பு மலம் போகவில்லை, இரத்த வாந்தியும் இல்லை. அழற்சியும் பட்டினியும் இரத்த சோகையைத் தரும், ஆனால் இவ்வளவு வேகமாகத் தராது. சூடோசிஸ்ட் உள்ளவருக்குக் காரணம் புரியாமல் ஹீமோகுளோபின் இறங்கினாலோ, கட்டி திடீரென்று பெரிதானாலோ, வலி புதிதாகக் கூடினாலோ, வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது தமனிக் கசிவுதான்.

வெளியே எடுத்த சி.டி. போர்ட்டல் சிரைக் கட்டத்தில், அதாவது நிறமூட்டும் மருந்து சிரைகளை அடைந்த நேரத்தில், மட்டும் எடுக்கப்பட்டது. தமனியின் போலி வீக்கத்தை (அரித்த தமனிச் சுவரின் ஓட்டையில் இரத்தம் புடைத்து நிற்பது) பார்க்க அது போதாது. நிறமூட்டும் மருந்து செலுத்தாமல் ஒரு முறை, 35 முதல் 40 நொடியில் தமனிக் கட்டம், 70 நொடியில் சிரைக் கட்டம் என்று மறுபடி எடுக்கப்பட்டது. மருந்தில்லாப் படத்தில் கட்டியின் அடியில் 60 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுள்ள (சி.டி.யில் அடர்த்தியின் அளவு) படிவு. மேலே இருந்த நீர் 15 அலகு. அந்தப் படிவு புதிய இரத்தக்கட்டு. தமனிக் கட்டத்தில் கட்டியின் பின்சுவரில், மண்ணீரல் தமனியின் நடுப்பகுதியை ஒட்டி, பெருந்தமனி அளவுக்கு ஒளிர்ந்த 14 மி.மீ. உருண்டை. அதுதான் போலி வீக்கம். மண்ணீரல் சிரை அடைபட்டிருந்தது. அதற்கு ஈடாக இரைப்பையின் மேல்பகுதியிலும் பெருவளைவிலும் துணைச்சிரைகள் புடைத்திருந்தன.

கணையச் சாற்றின் நொதிகள், குறிப்பாக எலாஸ்டேஸ், ஒட்டிக் கிடக்கும் தமனியின் சுவரை அரிக்கும்போது இந்த வீக்கம் உண்டாகிறது. அதிகம் பாதிக்கப்படுவது கணையத்தின் மேல் விளிம்பில் நெளிந்து ஓடும் மண்ணீரல் தமனி. அடுத்து இரைப்பை-முன்சிறுகுடல் தமனி. கட்டிக்குள் இருக்கும் நீரழுத்தம் அந்த ஓட்டையை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்திருக்கிறது. நீரை வடித்தால் அந்த அமுக்கமும் போய்விடும். அப்படித் தொடங்கும் இரத்தப்போக்கை எண்டோஸ்கோப் வழியாக நிறுத்துவது பெரும்பாலும் முடியாத காரியம். அதனால் வரிசை மாறாது: முதலில் தமனி, பிறகுதான் நீர்.

தமனியை அடைத்தல்

இரண்டு யூனிட் இரத்தச் சிவப்பணு பொருத்தம் பார்த்து வைக்கப்பட்டது, ஒன்று ஏற்றப்பட்டது. பொட்டாசியமும் குளோரைடும் சீராகும்வரை சலைன். குளுக்கோஸ் தொடங்கும் முன் தயமின் (வைட்டமின் பி1). குடிப்பழக்கமும் பட்டினியும் சேர்ந்தவருக்கு இதை மறந்தால் வெர்னிக்கே மூளைப் பாதிப்பில் கொண்டுபோய் விடும்.

தொடைத் தமனி வழியாக 5 பிரெஞ்சு (குழாயின் தடிமன் அளவு) கேதீட்டர், அதற்குள் மைக்ரோ கேதீட்டர். கம்பிச்சுருள்கள் வீக்கத்துக்கு அப்பாலும் இப்பாலும் வைக்கப்பட்டன. முன்பக்கம் மட்டும் அடைத்தால் போதாது. குட்டை இரைப்பைத் தமனிகள் வழியாக மண்ணீரல் பக்கத்திலிருந்து இரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்தை மறுபடி நிரப்பும். வீக்கத்துக்குள்ளேயே சுருளைத் திணிப்பதும் தவறு. அதற்கு உண்மையான சுவர் கிடையாது, கிழியும்.

மறுநாள் இடது விலாவுக்குக் கீழ் வலி, 100.4 டிகிரி காய்ச்சல். மண்ணீரலின் கீழ்முனையில் சிறு பகுதி இரத்தமின்றிப் போனதுதான் காரணம். வலி மருந்தோடு மூன்று நாளில் தணிந்தது. தமனி அடைபட்டதில் ஓர் ஆதாயமும் இருந்தது. மண்ணீரலுக்குள் வரும் இரத்தம் குறைந்ததால் துணைச்சிரைகளின் அழுத்தமும் தணிந்தது.

அந்த நாட்களில் எண்டோஸ்கோப் உதவியோடு இரைப்பை அடைப்பைத் தாண்டி நடுச்சிறுகுடலுக்குக் குழாய் வைத்து ஊட்டம் தொடங்கப்பட்டது. முழு அளவான கிலோவுக்கு 25 முதல் 30 கிலோகலோரியை முதல் நாளே கொடுக்கவில்லை. 10-இல் தொடங்கி, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் தினமும் பார்த்து ஏற்றப்பட்டது.

வடிப்பது எவ்வழி

பழைய விதி "6 செ.மீ., 6 வாரம்". அந்த அளவைத் தாண்டினாலே வடிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை அறுவை மருத்துவர்கள் பயின்றார்கள். இன்று அது வழக்கில் இல்லை. தொந்தரவு தராத 10 செ.மீ. கட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அடைப்பு உண்டாக்கும் 5 செ.மீ. கட்டியை வடித்தே ஆக வேண்டும். வாந்தி, தீராத வலி, மஞ்சள் காமாலை, சீழ், தொடர்ந்து பெரிதாவது ஆகியவையே காரணங்கள். இவருக்கு வாந்தியும் எடையிழப்பும் போதுமானவை.

தோல் வழியாகக் குழாய் வைப்பது எளிது. ஆனால் கணையக்குழாய் அறுபட்டிருந்தால் அந்தக் குழாயைச் சுற்றி மாதக்கணக்கில் சாறு கசியும் வெளிப்புரை உண்டாகும். நிலைமை மோசமான, சீழ்பிடித்த நோயாளிக்கு அவசர வழியாக மட்டும் அது இருக்கட்டும். கணையக்குழாயோடு தொடர்புள்ள சிறிய கட்டிக்கு ஆம்புல்லா (கணையக்குழாய் சிறுகுடலில் திறக்கும் இடம்) வழியாக ஸ்டென்ட் வைத்துப் பார்க்கலாம், 12 செ.மீ.க்கு அது போதாது. மிச்சம், இரைப்பைச் சுவர் வழியாக எண்டோஸ்கோப் முறையோ அறுவையோ. 2013-இல் அமெரிக்காவின் பர்மிங்காமிலிருந்து வெளியான ஒப்பீட்டு ஆய்வில் இவ்விரண்டும் பலனில் சமமாக இருந்தன. மருத்துவமனையில் தங்கிய நாட்களின் இடைநிலை எண்டோஸ்கோப் குழுவில் 2, அறுவைக் குழுவில் 6. கட்டி இரைப்பையை ஒட்டியிருந்தால் எண்டோஸ்கோப் முறைதான் முதல் தேர்வு. எட்டாத இடத்தில் இருந்தாலோ எண்டோஸ்கோப் முறை தோற்றாலோ அறுவை. அப்போது சுவரிலிருந்து ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புவதை விடக் கூடாது.

அந்தத் துண்டு எதற்கென்றால், போலி நீர்க்கட்டிக்கு எபிதீலிய உள்ளுறை கிடையாது, சளி சுரக்கும் கணையக் கட்டிக்கு உண்டு. கணைய அழற்சியே வராத நடுத்தர வயதுப் பெண்ணின் வால் பகுதியில் நீர்க்கட்டி தெரிந்தால், அதைச் சூடோசிஸ்ட் என்று வடிப்பது பெரும் தவறு. அது புற்றாக மாறக்கூடிய கட்டியாக இருக்கலாம். அகற்ற வேண்டியதை இரைப்பையோடு இணைத்துவிட்டதாக ஆகும். இவருடைய வரலாற்றில் அந்தச் சந்தேகம் எழவில்லை. இருந்தும் நீர் பரிசோதிக்கப்பட்டது: அமைலேஸ் (கணையச் சாற்றின் நொதி) 38,000, சி.இ.ஏ. (சளிக்கட்டியில் கூடும் புரதம்) 2.1. நீரில் அமைலேஸ் 250-க்குக் கீழே இருந்தால் சூடோசிஸ்ட் என்ற முடிவையே கைவிட வேண்டும், சி.இ.ஏ. 192-ஐத் தாண்டினால் சளிக்கட்டியின் பக்கம் சாயும்.

ஸ்டென்ட் வைத்த நாள்

தமனி அடைத்து ஐந்தாம் நாள். அன்று காலை எடுத்த தமனிக் கட்ட சி.டி.யில் வீக்கம் ஒளிரவில்லை. ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 1.2, தட்டணு 2.1 லட்சம். முந்தைய இரவே மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் வைத்து இரைப்பை காலியாக்கப்பட்டது. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திய முழு மயக்கம். கட்டி திறந்ததும் அரை லிட்டர் நீர் இரைப்பைக்குள் பாயும் என்பதால் வெறும் தூக்க ஊசியில் இதைச் செய்வது நுரையீரலுக்கு ஆபத்து. இரைப்பையை விரிக்கக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு. சாதாரணக் காற்று சிரைக்குள் புகுந்தால் உயிரையே எடுக்கும்.

நேர்கோட்டு எக்கோ எண்டோஸ்கோப்பில் (நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப்) கட்டிக்கும் இரைப்பை உள்வெளிக்கும் இடைவெளி 7 மி.மீ. 10 மி.மீ.க்குள் இருப்பதால் போகலாம். உள்ளே அடியில் இரத்தக்கட்டு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, மற்றது நீர். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் முதலில் தெரிந்த வசதியான இடத்தில் சிரைகள் குறுக்கே ஓடின. எண்டோஸ்கோப்பைச் சற்றுக் கீழே இறக்கி, இரைப்பையின் உடற்பகுதிப் பின்சுவரில் சிரையில்லாத இடம் பிடிக்கப்பட்டது. 19 கேஜ் ஊசி, அதன் வழியாக 0.035 அங்குலக் கம்பி, உள்ளே இரண்டு மூன்று சுற்று. 6 பிரெஞ்சு சிஸ்டோட்டோம் (துளையிடும் கருவி), 8 மி.மீ. பலூன். கம்பி ஒருமுறை நழுவினால் இரைப்பையில் ஒரு துளையும் கட்டியில் ஒரு துளையும் தனித்தனியே நிற்கும் என்பதால், முதல் ஸ்டென்ட் வைக்கும் முன்பே இரண்டாவது கம்பியும் உள்ளே போடப்பட்டது. 7 பிரெஞ்சு இரட்டைச் சுருள் பிளாஸ்டிக் ஸ்டென்ட் இரண்டு. பழுப்பு நீர் சுமார் 500 மி.லி. வந்தது.

15 மி.மீ. அகலமுள்ள உலோக ஸ்டென்டை ஏன் வைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. கட்டியில் இரத்தக்கட்டு இருப்பது தெரிந்ததே. அகலமான வாய் இருந்தால் அது எளிதாக வெளியேறியிருக்கும். ஆனால் கட்டி சுருங்கச் சுருங்க உலோகத்தின் உள்விளிம்பு எதிர்ச்சுவரில் உரசும். இவருக்கு அந்த எதிர்ச்சுவரில் ஐந்து நாளுக்கு முன் அடைத்த தமனி. உலோக ஸ்டென்டை மூன்று நாலு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரை வந்ததற்கே இப்படிப்பட்ட தாமத இரத்தப்போக்குதான் காரணம். மெல்லிய ஸ்டென்ட் அடைபட்டுச் சீழ் பிடிக்கலாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. சீழுக்கு வைத்தியம் செய்யலாம். தமனி பீறிட்டால் கிடைக்கும் நேரம் நிமிடக் கணக்கு.

ஆறாம் நாள்

எதிர்பார்த்தபடியே ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. வைத்த ஆறாம் நாள் 102 டிகிரி காய்ச்சல், நடுக்கம், வெள்ளணு 17,400. சி.டி.யில் கட்டி 6 செ.மீ., உள்ளே காற்றுக் குமிழ்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு காற்று தெரிவது மட்டும் சீழுக்கு அடையாளமல்ல, இரைப்பையிலிருந்தே வரும். காய்ச்சலும், சுருங்க வேண்டிய கட்டி சுருங்காமல் நிற்பதும் சேர்ந்தால்தான் அர்த்தம். தமனி அடைப்பு உறுதியாக இருப்பதை அதே சி.டி.யில் பார்த்துக்கொண்ட பிறகே அடுத்த வேலை. எண்டோஸ்கோப்பில் இரண்டு ஸ்டென்டைச் சுற்றியும் கரிய கட்டிகள். வழி 12 மி.மீ. வரை விரிக்கப்பட்டது, ஒரு 10 பிரெஞ்சு ஸ்டென்ட் சேர்க்கப்பட்டது, மூக்கு வழியாக 7 பிரெஞ்சு குழாய் கட்டிக்குள் விடப்பட்டு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.லி. சலைன் செலுத்தப்பட்டது. உள்ளே செலுத்தியதும் வெளியே வந்ததும் பதிவேட்டில் சரிபார்க்கப்பட வேண்டும். உள்ளே போவது மட்டும் தொடர்ந்தால் கட்டி வெடிக்கும்.

பைப்பராசிலின்-டேசோபாக்டம் தொடங்கப்பட்டது. சீழ் வளர்ப்பில் பல மருந்துகளுக்கு அடங்காத இ.எஸ்.பி.எல். வகை ஈ.கோலை கிருமி வந்ததால் மூன்றாம் நாள் மெரோபெனம் 1 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பத்து நாள். காய்ச்சல் இறங்கியது மருந்தால் மட்டுமல்ல, வழி திறந்ததால். வடியாத கட்டிக்கு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவது வார்டுகளில் அடிக்கடி காணும் வீண் வேலை.

குழாய் எங்கே அறுந்தது

கட்டி சுருங்கிய பின் எடுத்த எம்.ஆர்.சி.பி.யில் (பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) கணையக்குழாய் கழுத்துப் பகுதியில் சட்டென்று முடிந்தது. அதற்கு அப்பால் வால்பகுதியில் 5 செ.மீ. உயிருள்ள கணையம், அதன் சாறு இரைப்பைத் துளைக்கருகில் உள்ள மிச்ச அறைக்குள் வந்தது. தொடர்பறுந்த குழாய் என்ற நிலை இது. வால்பகுதி சாறு சுரந்துகொண்டே இருக்கும், சிறுகுடலுக்குப் போக வழி இல்லை. ஸ்டென்டை எடுத்தால் துளை மூடி நீர் மறுபடி தேங்கக்கூடும். அதனால் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டென்டுகளைக் காலவரையறை இன்றி விடுவது இங்கே பலரும் செய்வது.

அது எல்லோருக்கும் தேவையா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 2022-இல் வெளியான ஐதராபாத் ஆய்வில், சுவர் கட்டிய நெக்ரோசிஸ் உள்ளவர்களுக்கு உலோக ஸ்டென்டை எடுத்தபின் பிளாஸ்டிக் வைத்த குழுவுக்கும் வைக்காத குழுவுக்கும் மூன்று மாதத்தில் மறுதேக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது வேறு வகை நோயாளிகள். உயிருள்ள வால்பகுதி இவ்வளவு நீளமாக இருக்கும் இவருக்கு விட்டுவைப்பதே சரி என்று தீர்மானிக்கப்பட்டது.

இவருக்கு வராத இரண்டு சிக்கல்கள்

கட்டி வயிற்றறைக்குள் மெல்லக் கசிந்தால் கணைய வயிற்றுநீர். குடிப்பழக்கமுள்ளவருக்கு வயிறு வீங்கினாலே கல்லீரல் சிரோசிஸ் என்று எழுதிவிடுகிறோம். நீரில் புரதம் 3 கிராமுக்கு மேல், சீரம்-நீர் அல்புமின் வேறுபாடு 1.1-க்குக் கீழ், அமைலேஸ் 1,000-க்கு மேல் என்றால் சிரோசிஸ் அல்ல. மார்புக்குள் கசிந்தால், பெரும்பாலும் இடப்பக்கம், திரும்பத் திரும்ப நீர் கோக்கும். அதுவும் புரதம் மிகுந்த நீர் என்பதால் நம் ஊரில் காசநோய் மருந்து தொடங்கப்பட்டு மாதங்கள் ஓடிவிடும். குடிப்பவரின் இடது மார்பு நீரில் ஒருமுறையாவது அமைலேஸ் பார்க்க வேண்டும். செலவு மிகக் குறைவு.

தொடர்கவனிப்பு

ஆறாம் வார சி.டி.யில் ஸ்டென்டைச் சுற்றி 1.5 செ.மீ. மிச்சம். வாந்தி இல்லை, எடை 54 கிலோ. ஒன்பதாம் மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7.1, மெட்ஃபார்மின் தொடங்கப்பட்டது. மல எலாஸ்டேஸ் கிராமுக்கு 120 மைக்ரோகிராம், 200-க்குக் கீழ் என்பதால் பான்கிரியாட்டின் (கணைய நொதி மருந்து) ஒவ்வொரு முக்கிய உணவோடும் 40,000 அலகு. சாப்பாட்டுக்கு முன்பல்ல, முதல் கவளத்தோடும் நடுவிலுமாகப் பிரித்து.

இரைப்பை துணைச்சிரைகள் சிறியனவாக இருந்தன, ஒருமுறையும் இரத்தம் கசியவில்லை. கசியாத துணைச்சிரைக்காக முன்னெச்சரிக்கையாக மண்ணீரலை எடுப்பதில்லை. கசிந்தால் எடுப்பது முழுத் தீர்வு. மதுவையும் பீடியையும் நிறுத்தியது மனநலப் பிரிவின் தொடர் உதவியோடு.

வெளியேறும் சீட்டில் உள்ளே மூன்று பிளாஸ்டிக் ஸ்டென்ட் இருப்பது தமிழிலும் எழுதிக் கொடுக்கப்பட்டது. ஸ்டென்ட் நழுவிச் சிறுகுடலுக்குள் போய்த் தானே வெளியேறலாம், சில நேரம் சிக்கி அடைப்பும் உண்டாக்கும். காய்ச்சல், புதிய வலி, கறுப்பு மலம், வாந்தி எது வந்தாலும் உடனே வர வேண்டும். வந்ததும் முதல் படம் தமனிக் கட்டத்தோடு கூடிய சி.டி. எதுவும் வராவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை சாதாரண வயிற்று எக்ஸ்-ரேயில் மூன்று ஸ்டென்டும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.